இங்கிலீஷ் பேச வாய் வராத வகுப்பு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரமே ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு வந்துவிடும். "ஏழாப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்ல வாயே வரல டீச்சர், என்ன செய்ய?" சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் என்று தாமிரபரணிப் பக்கத்துப் பள்ளிகளிலேயே என் வேலைக்காலம் ஓடியிருக்கிறது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் பழுது ஏறக்குறைய அதேதான். புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி, இப்போது எழுதியே வைக்கிறேன்.

உங்கள் வகுப்பில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் ஒரே நாளில் சரியாகிற காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் இழுப்பதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதும் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். "பையனுக்கு மூளை கம்மி" என்று தொடங்கி, கடைசியில் ஃபேன் சத்தத்தில் கேள்வியே அவன் காதில் விழவில்லை என்று தெரியவந்த கதையெல்லாம் உண்டு.

எந்த அறிகுறி என்றாலும் முதல் சோதனை

கரண்ட் வேலைக்கு வருகிறவர் முதலில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். நான் வைத்துப் பார்ப்பது தமிழை. இங்கிலீஷில் கேட்ட அதே கேள்வியை, அதே பிள்ளையிடம், அதே இடத்தில் தமிழில் கேளுங்கள்.

தமிழில் கடகடவென்று பதில் வருகிறதா? சொல்ல விஷயம் இருக்கிறது, இங்கிலீஷ் பக்கம்தான் தடை. கீழே உள்ள தலைப்புகளில் உங்களுடையதைத் தேடுங்கள்.

தமிழிலும் "தெரியல டீச்சர்" என்றால் கேள்வியை மாற்றுங்கள். பாடப்புத்தகத்தில் விமான நிலையத்தில் நடக்கும் உரையாடல் இருக்கும். விமானமே ஏறாத பிள்ளையிடம் அதைப் பற்றி என்ன பேச்சு வரும்? வள்ளியூர் பஸ்ஸில் சில்லறை வாங்குவதைக் கேளுங்கள். ஆனித் தேரோட்டத்தில் தொலைந்துபோன செருப்பைக் கேளுங்கள். வயலில் பன்றி இறங்கியதைக் கேளுங்கள்.

தமிழிலும் குரல் எழவில்லை, அல்லது தமிழிலும் திக்குகிறது என்றால் "ஒரு பிள்ளை மட்டும் பேசவே இல்லை" என்ற தலைப்பையோ கடைசித் தலைப்பையோ பாருங்கள்.

அறிகுறி: கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்க அமைதி

முதலில் பார்க்க வேண்டியது நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசும் பிள்ளைகளும் கூடினார்கள். அதுவும் அவர்கள் பழகிய மொழியிலேயே நடந்த பாடங்கள். நம் பிள்ளை கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுபோய், பதிலைத் தமிழில் யோசித்து, சொல் தேடி, திரும்ப இங்கிலீஷுக்கு வரவேண்டும். நான் மனசுக்குள் ஏழு வரை எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த ஏழு எண்ணுவது பெரிய பாடாகத்தான் இருக்கும்.

சோதனை எளிது. ஒரு பீரியடை உங்கள் போனில் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். கேள்வி கேட்டவரே பதிலும் சொல்லும் இடங்களை எண்ணுங்கள். நான் முதன்முதலாக அப்படிக் கேட்ட அன்று, 40 நிமிடத்தில் பெரும்பகுதி என் குரல்தான் இருந்தது.

காத்திருந்தும் வரவில்லையா? அடுத்த காரணம் ஒத்திகை இல்லாமை. கேள்வியைக் கேட்டு, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லி, அப்புறம் எழுப்புங்கள். பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம் எழுந்து நிற்கும்போது பாதி தயாராக இருக்கும். எழுப்பும்போது "பக்கத்துல இருக்கிறவ என்ன சொன்னா?" என்று கேட்டால் இன்னும் சுலபம். தப்பானாலும் அது தன் தப்பாகத் தெரியாது.

மூன்றாவது காரணம் பயம். இதற்குத்தான் நாள் பிடிக்கும். போன வருஷம் யாரோ சிரித்திருப்பார்கள், யாரோ அதட்டியிருப்பார்கள். என் வகுப்பில் ஒரே விதி: ஒருவர் பேசும்போது சிரித்தவர் அடுத்து எழுந்து பேச வேண்டும். அதட்டல் இல்லை, தண்டனை இல்லை, அவ்வளவுதான். ஆடி போய் ஆவணி வரும்போது மாற்றம் தெரியும்.

வகுப்பே பேசாமல் இருப்பதற்கு டாக்டர் தேவைப்படாது. ஒரு பருவம் முழுக்க முயன்றும் அசையவில்லை என்றால், நம்பிக்கையான இன்னொரு ஆசிரியரைக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் முகம் நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அறிகுறி: கோரஸாகச் சொல்கிறார்கள், தனியாக எழுப்பினால் நின்றுவிடுகிறது

இது பழுதே இல்லை, நடுவில் இரண்டு படி விட்டுப்போயிருக்கிறது. முழு வகுப்பு, பாதி வகுப்பு, ஒரு பெஞ்சு, இருவர், ஒருவர் என்று இறக்குங்கள். 40 பேரிலிருந்து நேராக ஒருவருக்குத் தாவினால் யாருக்குமே தொண்டை அடைக்கும். முதல் தடவை தனியாகப் பேசுவதும் வகுப்பைப் பார்த்து வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே பேசட்டும்.

அறிகுறி: "எஸ் டீச்சர்", "நோ டீச்சர்", அதோடு சரி

கேள்வியைப் பாருங்கள். "டூ யூ லைக் மேங்கோ?" என்றால் எஸ் தவிர வேறென்ன சொல்வார்கள்? "உனக்கு அல்வா வேணுமா, மக்ரூன் வேணுமா, ஏன்?" என்று இங்கிலீஷில் கேளுங்கள். திருநெல்வேலி அல்வாவா தூத்துக்குடி மக்ரூனா என்றால் எங்கள் ஊரில் யாரும் ஒரு சொல்லோடு நிறுத்த மாட்டார்கள்.

அதற்கும் ஒரு சொல்தான் வருகிறதென்றால், வாக்கியத்தின் தலை கையில் இல்லை. கரும்பலகையின் இடது ஓரத்தில் ஆறு தொடக்கங்களை ஜூனிலிருந்தே அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஐ திங்க், ஐ லைக் இட் பிகாஸ், ஐ டோன்ட் அக்ரீ, ஃபர்ஸ்ட், ஆஃப்டர் தட், கேன் யூ சே இட் அகெய்ன். பிள்ளை எழுந்ததும் கண் அங்கே போகும், போகட்டும். நவம்பர் வாக்கில் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்குவேன். "ஐ திங்க்" அழிந்ததை யாருமே கவனிக்கவில்லை என்றால் அது வாய்க்கு வந்துவிட்டது.

அறிகுறி: மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்

"மைசெல்ஃப்" என்று தொடங்கி ஊர், அப்பா, அம்மா, ஹாபி என்று ஒரே மூச்சில் ஓடும். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சோதனையும் அதுதான்: நடுவில் நிறுத்தி, "யுவர் அக்கா? எங்கே படிக்கிறாள்?" என்று இங்கிலீஷில் கேளுங்கள். பதில் வந்தால் பயமில்லை. வரவில்லை என்றால், கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டுமே அந்தப் பிள்ளை இதுவரை சொல்லிவந்திருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாதபடி வேலை கொடுப்பது. பஸ் நேர அட்டை ஒன்றை இரண்டு பிரதி எழுதுங்கள். பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, ஜங்ஷன். முதல் தாளில் பாதி நேரங்களை விடுங்கள், இரண்டாவதில் மீதிப் பாதியை விடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். "வாட் டைம் டஸ் த பஸ் ரீச் பேட்டை?" அந்த ஒரு வாக்கியம் பத்து நிமிடத்தில் எட்டு முறை வாயில் வரும். ஒருமுறைகூட ஒப்பிப்பாக இருக்காது, ஏனென்றால் பதில் அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டும்.

அறிகுறி: இருவராகப் பேசச் சொன்னால் தமிழுக்குத் தாவுகிறார்கள்

இதற்காக அபராதம் போடுகிற பள்ளிகள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தமிழ் பேசினால் காசு என்றால் பிள்ளை இங்கிலீஷ் பேசாது, வாயை மூடிக்கொள்ளும். தமிழ் எங்கே வருகிறது என்று பாருங்கள், அதில்தான் காரணம் தெரியும்.

ஒரு சொல்லுக்காக மட்டும் தாவினால்: "டீச்சர், களத்துமேட்டுக்கு என்ன?" என்று கேட்கிற பிள்ளை வாக்கியத்துக்குள் இருக்கிறது, வெளியே போகவில்லை. சொல்லைக் கொடுத்து விட்டுவிடுங்கள். "ஹவ் டு யூ சே களத்துமேடு இன் இங்கிலீஷ்?" என்று கேட்கப் பழக்கினால், தாவுவதும் இங்கிலீஷ் வழியாகவே நடக்கும். பதநீர், கருப்பட்டி, கொழுக்கட்டைக்கு இங்கிலீஷ் தேட வேண்டாம். அப்படியே சொல்லி, "இட் இஸ் எ ஸ்வீட் ட்ரிங்க் ஃப்ரம் த பாமைரா ட்ரீ" என்று விளக்கச் சொல்லுங்கள். அந்த விளக்கம் அகராதிச் சொல்லைவிட நல்ல பயிற்சி.

முழு வாக்கியமும் தமிழில் போனால், வேலை கடினம். பாதியாகக் குறையுங்கள்.

வேலையை முடித்துவிட்டுத் தமிழில் அரட்டை என்றால், நேரம் அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள். ஐந்து நிமிடம் தேவையென்றால் நான்கு கொடுங்கள்.

அறிகுறி: நாலு பேர் மட்டுமே பேசுகிறார்கள்

புளியமுத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று. குழுவில் ஒருமுறை பேசினால் ஒரு முத்தை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர், மற்றவர்கள் கை காலியாகும்வரை கேட்கத்தான் முடியும். செலவு கிடையாது, கோடையில் வீட்டுக்கு வீடு கிடைக்கும். எத்தனையோ அட்டைகளும் சார்ட்டுகளும் செய்து பார்த்த பிறகும் நான் இதற்கே திரும்பி வருகிறேன்.

அறிகுறி: பேசுகிறார்கள், வெளியூரார் கேட்டால் புரியவில்லை

எல்லா உச்சரிப்பையும் திருத்தப் புறப்படாதீர்கள். நம் பேச்சு நம் ஊர்ச் சாயலில் இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. அர்த்தம் மாறுகிற இடத்தை மட்டும் எடுங்கள்.

தேர்ட்டீன், தேர்ட்டி குழப்பம்தான் முதலில். காசு, நேரம், ரூம் நம்பர் எல்லாவற்றிலும் இடிக்கும். முதலாவதில் கடைசிப் பகுதியை நீட்டி அழுத்தணும், இரண்டாவதில் முதல் பகுதியை. ஒருவர் சொல்ல, மற்றவர் ஸ்லேட்டில் எண்ணை எழுதட்டும். எழுதியது தப்பென்றால் சொன்னவருக்கே தெரிந்துவிடும், நாம் திருத்த வேண்டியதில்லை.

அடுத்து சொல்லின் வால். புக்கு, பஸ்ஸு, பெஞ்சு. தமிழில் வல்லின மெய்யோடு சொல் முடியாது, அதனால் நாக்கு தானாக ஓர் உகரம் சேர்த்துக்கொள்கிறது. கடைசி ஒலியில் உதட்டையோ நாக்கையோ அப்படியே நிறுத்தி இரண்டு எண்ணச் சொல்லுங்கள், அப்புறம் விடட்டும். நீளமான வாக்கியம் தடுக்கினால் பின்னாலிருந்து கட்டுங்கள். "மார்னிங்", "இன் த மார்னிங்", "கோ டு ஸ்கூல் இன் த மார்னிங்" என்று பின்னாலிருந்து ஏறினால் முடிவு வாயில் திடமாக உட்காரும்.

முன்னால் சேரும் ய, வ இரண்டும் இதே கதை: எக் யெக் ஆகும், எக்சாம் யெக்சாம் ஆகும், ஓல்ட் வோல்ட் ஆகும். எலியை யெலி என்றும் ஒன்றை வொண்ணு என்றும் சொல்கிற நாக்குதான் இங்கேயும் வேலை செய்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டினால் முகம் மலரும். தாங்கள் மக்கு இல்லை, தங்கள் தமிழ்தான் உள்ளே ஒட்டியிருக்கிறது என்று புரிகிறது.

ப் ஒலிக்கு மட்டும் ஒரு தாள் துண்டு வேண்டும். பழைய பஸ் டிக்கெட் போதும், கனமில்லாமல் இருக்கும். உதட்டுக்கு முன்னால் நாலு விரல் தள்ளி, மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு "பென்" என்று சொல்லுங்கள். இங்கிலீஷ்காரர் சொன்னால் தாள் அடித்து விலகும், நாம் சொன்னால் அசையாது. எழுதுகிற பென்னை நாம் மூச்சில்லாமல் சொல்வதால் அது அவர்கள் காதில் ஆள் பெயரான பென் மாதிரி விழும். ஒரு தடவை ஆறாம் வகுப்பில் 38 டிக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழவில்லை, ஜன்னல் ஓரம் நின்று தாளை ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

அறிகுறி: திருத்தினால் பேச்சு நின்றுவிடுகிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். பள்ளி மறுபடி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுக்க மனமில்லாமல், "வாட் ஹேப்பண்ட் அட் யுவர் ஹவுஸ்?" என்று மட்டும் கேட்டேன். ஜூனிலிருந்து ஒரு வாக்கியம்கூடச் சொல்லாத பையன் எழுந்தான். ஆற்றோரத் தெருவில் வீடு.

"டீச்சர், நைட். வாட்டர் கம். பஃபலோ ரோப் ஐ கட். மை ஆச்சி க்ரை."

"கேம்" என்று திருத்த வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "ஹவ் மச் வாட்டர்?" என்றேன். கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். அப்புறம் பரண், பக்கத்து மச்சு வீடு, இரண்டு நாள் கழித்துத் தானாகத் திரும்பி வந்த எருமை என்று எட்டோ ஒன்பதோ வாக்கியம். வினைச்சொல் ஒன்றுகூட இறந்தகாலத்தில் இல்லை. வகுப்புக்கு ஒன்றும் புரியாமல் போகவும் இல்லை.

அவன் உட்கார்ந்த பிறகு, பெயர் சொல்லாமல், கேம், கட், க்ரைட் என்று பலகையில் எழுதி, "நாளைக்கு எல்லாரும் உங்க வீட்டு மழையை இந்தச் சொற்களை வச்சுச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் அவனும் சொன்னான், "வாட்டர் கேம்" என்றே சொன்னான்.

அந்த நாளிலிருந்து என் வழி இதுதான். பேசும்போது குறித்துக்கொள்கிறேன், முடித்த பிறகு மூன்றே மூன்றை மட்டும் பொதுவாக எடுக்கிறேன். கேட்பவருக்கு அர்த்தம் புரியாமல் போனால் மட்டும் நடுவில் குறுக்கிடுவேன், அதுவும் "யூ மீன் டுமாரோ?" என்று கேள்வியாக.

அறிகுறி: சொல்லுக்குச் சொல் நின்று நின்று வருகிறது

தமிழில் சரளம், இங்கிலீஷில் மட்டும் தடுமாற்றம் என்றால் ஓட்டம் போதவில்லை, அவ்வளவுதான். ஒரே கதையை முதல் ஆளிடம் 4 நிமிடம், இரண்டாவது ஆளிடம் 3, மூன்றாவது ஆளிடம் 2 நிமிடத்தில் சொல்ல வைக்கும் பழைய முறை இதற்கு நன்றாக வேலை செய்யும். நம் பிள்ளைகளுக்கு 4 நிமிடம் மலை மாதிரி. இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று தொடங்குங்கள். ஆள் மாறணும், கதை மாறக் கூடாது. மூன்றாவது முறை அவர்கள் குரலில் வரும் வேகத்தை நீங்களே கேட்பீர்கள்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரைச்சல் என்பார். 20 ஜோடி பேசினால் சத்தம் வரத்தான் செய்யும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு கணக்கை அவரிடம் காட்டுங்கள்: 40 நிமிடம், 40 பிள்ளைகள், ஒவ்வொருவராகப் பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம். ஜோடியாகப் பத்து நிமிடம் பேசினால் ஆளுக்கு ஐந்து.

அறிகுறி: ஒரு பிள்ளை மட்டும் பேசவே இல்லை

இடத்தை மாற்றுங்கள். கேலி செய்கிறவன் பின்னால் இருக்கலாம், ஃபேன் தலைக்கு மேல் கடகடக்கலாம். மாற்றி இரண்டு வாரம் பாருங்கள்.

வாசிக்கத் தெரிகிறதா என்று தனியாகப் பாருங்கள். பலகையில் இருக்கும் தொடக்கத்தைப் படிக்க முடியாத பிள்ளை, படிக்க முடியாது என்று காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பேசாமல் இருக்கும். தமிழிலும் வாசிப்பு தட்டினால், வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

காதைப் பாருங்கள். பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, உங்கள் உதடு தெரியாமல், மெல்லிய குரலில் மூன்று தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தடுத்து தவறினால், காதில் சீழ் வடிந்தால், எப்போதும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், தாமதிக்க வேண்டாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள், அல்லது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புங்கள். இந்தச் சோதனை ஒரு வடிகட்டி மட்டுமே, முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இது எதுவும் இல்லை, ஆனாலும் பேச்சில்லை என்றால் வீட்டில் கேளுங்கள். ஒரு சிறுமியின் ஆச்சி, பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வீட்ல வாயே மூட மாட்டா டீச்சர். பள்ளிக்கூட வாசல் மிதிச்சா ஊமையாயிருதா." வீட்டில் நன்றாகப் பேசி, பள்ளியில் தமிழில்கூட யாரிடமும் பேசாமல் ஒரு மாதத்துக்கு மேல் போனால், அது பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பதற்றத்தால் வருகிற ஒரு நிலை அது. மனநல மருத்துவரோ குழந்தை உளவியலாளரோ பார்க்க வேண்டும். அதுவரை எழுப்பிப் பேசச் சொல்ல வேண்டாம். தலையாட்டல், சுட்டிக்காட்டல், எழுதிக் காட்டல் எல்லாவற்றையும் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால் அது வேறு. வீட்டிலோ வழியிலோ ஏதோ நடந்திருக்கலாம். தனியாக, மெதுவாகக் கேளுங்கள், தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் எண் 14417.

அறிகுறி: இரண்டு மொழியிலும் திக்குகிறது

முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வருகிறதா, ஒலி இழுபடுகிறதா, வாய் திறந்தும் சத்தம் வராமல் கழுத்து விறைக்கிறதா? இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போதோ பாடும்போதோ அது மறைந்துபோகிறதா? திக்குவாயாக இருக்கலாம். இங்கிலீஷ் பயிற்சி கூட்டுவதால் சரியாகாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்ப வேண்டும், சீக்கிரம் போவது நல்லது. பெற்றோரிடம் சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நம் பங்கு கொஞ்சம் உண்டு. வரிசையில் அவனை முதல் மூன்று பேருக்குள் கூப்பிடுங்கள், காத்திருக்கக் காத்திருக்கத்தான் தொண்டை இறுகும். முதலில் ஒரு நண்பனோடு சேர்ந்து சொல்ல விடுங்கள். "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். அவன் சொல்லை நாம் முடித்து வைக்கவும் கூடாது. சொல் நின்றுபோனால் அவன் முகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வரும்.